டயதர்மி என்னும் ஊடுவெப்பம்

நடவு முடிந்த கையோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் "டயதர்மி வைக்கணும்" என்றால் புரிவதில்லை; மின்சாரத்தைக் கொண்டு உடம்புக்குள்ளேயே சூடு உண்டாக்கும் சிகிச்சை அது. "கரண்ட் வைக்கணும்" என்றால் புரிகிறது, கூடவே பயமும் வருகிறது. "ஷாக் அடிக்குமா தம்பி?" என்று திருவாரூர்ப் பக்கத்துப் பெரியம்மா ஒருவர் கேட்டார். இயன்முறை மருத்துவனாக அவருக்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமே, தமிழிலும் ஒரு பெயர் வேண்டுமே என்றுதான் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தேன்.

கிரேக்கத்தில் 'டியா' என்றால் ஊடாக, 'தெர்மே' என்றால் வெப்பம். இரண்டையும் சேர்த்துப் பெயரிட்டவர் ஜெர்மன் மருத்துவர் நாகெல்ஷ்மிட், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்கும் முன்னால், 1890களை ஒட்டி, பிரான்சின் உடலியல் அறிஞர் தார்சோன்வால் ஒன்றைக் கண்டறிந்திருந்தார். மாறுதிசை மின்னோட்டம் விநாடிக்கு 10,000 சுற்றுகளைத் தாண்டிவிட்டால் உடம்பு அதிர்வதில்லை, சூடு மட்டும் தெரிகிறது. இன்றைய கருவியின் அதிர்வெண் 27.12 மெகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 2 கோடியே 71 லட்சத்துக்கும் மேல். அந்த வேகத்துக்கு நரம்பு துடிக்காது. ஷாக் அடிக்காது பெரியம்மா.

சூடு வைப்பதற்கு நம்மிடம் ஒத்தடம் என்ற அருமையான சொல் இருக்கிறது. ஒற்றி எடுப்பதால் ஒற்றடம், பேச்சில் ஒத்தடம். தவிட்டையோ கல்லுப்பையோ வறுத்துத் துணியில் முடிந்து வைப்பார்கள். அந்தச் சூடு தோல் வழியே இறங்க வேண்டும். கொஞ்சம் இறங்குவதற்குள் ரத்த ஓட்டம் அதை வாரிக்கொண்டு போய்விடும். டயதர்மியில் உடம்பின் இருபுறமும் வைக்கும் தட்டுகள் சுடுவதே இல்லை. அவற்றுக்கு இடையிலான மின்புலம் சதைக்குள் இருக்கும் அயனிகளையும் நீர் மூலக்கூறுகளையும் ஆட்டி அலைக்கழிக்க, சூடு அங்கேயே பிறக்கிறது. அதனால் டயதர்மியை 'மின் ஒத்தடம்' என்று தமிழாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. 'ஆழ்வெப்பம்' பரவாயில்லை. ஆனால் ஒலியலையால் சூடேற்றும் அல்ட்ராசவுண்ட் சிகிச்சைக்கும் அது பொருந்திவிடும். எங்கே சூடு என்று சொல்கிறதே தவிர, எப்படி என்று சொல்லவில்லை.

ஊடுவெப்பம் என்பதே என் தேர்வு. 'ஊடு' நமக்குப் புதிதில்லை. திருபுவனத்துப் பட்டுத் தறியில் பாவுக்குக் குறுக்கே புகுந்து போகும் இழை ஊடை. ஒரு பயிருக்கு நடுவே இன்னொன்று போட்டால் ஊடுபயிர். 'டியா'வுக்கு இதைவிட நெருக்கமான சொல் எனக்குத் தெரியவில்லை. நாங்கள் வைப்பதன் முழுப்பெயர் ஷார்ட்வேவ் டயதர்மி. அந்த ஷார்ட்வேவ் என்ற முன்னொட்டுக்கு வானொலிக் காலத்துச் 'சிற்றலை' இருக்கவே இருக்கிறது. ஆக, சிற்றலை ஊடுவெப்பம். அறுவை அரங்கில் ரத்தக் குழாயைச் சுட்டு அடைப்பதையும் டயதர்மி என்றே சொல்வார்கள். அது வேறு வேலை.

பேஸ்மேக்கர் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய் உள்ளவர்கள், சூடேற்றும் இடத்தில் உலோகத் தகடு பொருத்தியவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களும் அப்படித்தான். ஏனென்றால் உள்ளே பிறக்கும் சூட்டைத் தொட்டுப் பார்த்து அளக்க எங்களுக்கு வழியில்லை, படுத்திருப்பவரின் வாய்ச்சொல்தான் அளவு. பெரியம்மாவிடம் அதைத்தான் சொன்னேன்: "இதமா இருந்தா சரி. காந்துச்சுன்னா பொறுத்துக்காதீங்க, உடனே குரல் குடுங்க."