கராஜுக்கு ஒரு கணப்பு

திருகோணமலையில் தை மாத விடியலில் 23 பாகை என்றாலே அம்மா துவாயால் காதை மூடிக் கட்டிக்கொண்டுதான் முற்றம் கூட்டுவார். அப்படியான ஊரில் இருந்துகொண்டு ஹீற்றர் பற்றி எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் கேள்வி கனடாவிலிருந்து வந்தது. ஸ்காபரோவில் இருக்கும் அத்தான், ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக் கராஜில் தச்சு வேலை பழகுகிறார். வெளியே கழித்தல் 15 பாகை. "தம்பி, நீ பிசிக்ஸ் படிப்பிக்கிறாய்தானே. 1500 வாற் ஹீற்றர் காணுமா, பெரிசா வாங்கவா?"

வாற்றில் தொடங்கினால் வழி தவறிவிடும் என்பது என் கட்சி. முதலில் பார்க்க வேண்டியது, அந்த வெப்பம் எங்கே போய்ச் சேரப்போகிறது என்பதை.

ஒரு கார் நிற்கும் கராஜ், 3.5 மீற்றர் அகலம், 6 மீற்றர் நீளம், 2.5 மீற்றர் உயரம் என்று வைப்போம். உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்று ஏறத்தாழ 72 கிலோ. அதை 20 பாகை சூடாக்க 1500 வாற் ஹீற்றருக்கு 16 நிமிடம் போதும். சரி, இனி தரையைப் பாருங்கள். 10 சென்ரிமீற்றர் தடிப்புக் கொங்கிறீற் என்றால் அதன் எடை 5 தொன். அதே 20 பாகை ஏற்ற 16 மணித்தியாலம் வேண்டும்! அதுவும் ஒரு துளி வெப்பமும் வெளியே போகாது என்ற கற்பனையில். காற்றாடி வைத்த ஹீற்றர் சூடாக்குவது அந்த 72 கிலோ காற்றைத்தான். அது நேரே முகட்டுக்கு ஏறும். கராஜ் கதவை ஒருதரம் தூக்கினால் முழுவதும் வெளியே போய்விடும். கீழே கால் விறைத்தபடியே இருக்கும்.

ஆகவே நின்று வேலை செய்யும் ஆளுக்குப் பொருத்தம் கதிர்வீச்சு ஹீற்றர். அகச்சிவப்புக் கதிர் இடையில் உள்ள காற்றை அதிகம் சட்டை செய்யாமல், படுகிற பொருளைச் சூடாக்கும். நிலாவெளிக் கரையில் நண்பகலில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முகத்தில் படும் கடற்காற்று இதமாக இருக்கும், மணலோ உள்ளங்காலைப் பொரிக்கும். சூரியன் காற்றைத் தாண்டி வந்து மணலைத்தான் பிடிக்கிறது. வேலை மேசைக்கு மேலே, சாய்வாக, ஆளை நோக்கி மாட்டினால் கராஜ் முழுவதையும் சூடாக்காமலே உடம்பு குளிர் விடும். செந்தணலாக ஒளிரும் கம்பிக்குப் பக்கத்தில் மரத்தூள் பறக்கக் கூடாது என்பதையும் அத்தானுக்குச் சொன்னேன். தூளை உள்ளே இழுத்துக் கம்பிமேல் ஊதும் காற்றாடி வகை தச்சுப் பட்டறைக்கு ஆகவே ஆகாது. எந்த வகையானாலும் எரியக்கூடிய பொருள் ஒரு மீற்றருக்குக் கிட்ட வரக்கூடாது.

அடுத்தது கரண்ட். எனக்கு மிகவும் பயம் இதில்தான். ஏனென்று ஒரு கதை சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒருமுறை இரண்டு நாளாக மீன் வெடுக்கு. சூரை வாங்கி வந்த பை எங்கோ விழுந்து கிடக்கிறதென்று குசினி முழுவதும் கழுவினோம், பூனையைக்கூடச் சந்தேகப்பட்டோம். மூன்றாம் நாள் சேட் அயன் பண்ணப் போனபோதுதான் பிளக் சொக்கற்றில் ஒரு துளையைச் சுற்றித் தேநீர்க் கறைபோலப் பழுப்பைக் கண்டேன். மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டுக் கழற்றிப் பார்த்தால், உள்ளே பித்தளைக் கவ்வி கறுத்து, அகன்று, நகத்தால் தட்டினாலே ஆடியது. சொக்கற் செய்யும் பிளாஸ்ரிக் சிலவற்றைச் சுட்டால் அமைன் வகைச் சேர்மங்கள் வெளிவரும். பழைய மீனின் வெடுக்கும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கடற்கரை ஊரில் அந்த மணத்தை யார் பொருட்படுத்துவார்கள்?

இளகிய கவ்விக்கும் பிளக்குக்கும் இடையே வெறும் அரை ஓம் தடை இருந்தால் என்ன நடக்கும்? வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். கனடாவில் வீட்டுப் பிளக்கில் வருவது 120 வோல்ற். 1500 வாற் ஹீற்றர் 12.5 அம்பியர் இழுக்கும். அந்தச் சின்ன இடுக்கிலேயே 70 வாற்றுக்கு மேல் வெப்பம் பிறக்கும். ரேடியோ திருத்துபவர் கையில் இருக்கும் ஈயம் பற்றவைக்கும் கோலே 25, 40 வாற்தான். இங்கே எங்கள் 230 வோல்ற்றுக்குச் செய்த 1500 வாற் ஹீற்றர் 6.5 அம்பியர்தான் இழுக்கும், இடுக்கில் பிறப்பது 20 வாற். ஆகவே, ஊரில் கொஞ்சக் காலமாவது தாக்குப்பிடிக்கும் தளர்ந்த சொக்கற் அங்கே அவ்வளவுகூடத் தாங்காது. மெல்லிய எக்ஸ்ரென்ஷன் வயர் இன்னும் மோசம். அதைச் சுருளோடு விட்டு, மேலே கால்மிதியும் போட்டால் சூடு வெளியேற வழியில்லை. 1500 வாற்றுக்கு மேலே தேவை என்றால், அவர்கள் அடுப்புக்கும் துணி உலர்த்திக்கும் வைத்திருக்கும் 240 வோல்ற் முறையில், உரிமம் பெற்ற எலக்ரீஷியனைக் கொண்டு தனி லைன் இழுத்துச் சுவரில் பொருத்துவதுதான் ஒழுங்கு.

"அப்போ காஸ் ஹீற்றர்? கரண்ட் பிரச்சினையே இல்லையே" என்றார் அத்தான். புகைபோக்கி இல்லாத புரொப்பேன் ஹீற்றர் ஒரு கிலோ காஸை எரித்தால் ஒன்றரை லீற்றருக்கும் மேல் தண்ணீர் ஆவியாக வெளிவரும். அது குளிர்ந்த உளியிலும் வாளிலும் படிந்து துருவாகும். அதுகூடப் பரவாயில்லை. மூடிய இடத்தில் ஒட்சிசன் குறையக் குறையக் காபனோரொட்சைட்டு உருவாகும். நிறமில்லை, மணமில்லை. குருதியில் உள்ள ஹீமோகுளோபின் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலையிடி, பிறகு குமட்டல், பிறகு நித்திரை வருவதுபோல இருக்கும். குளிர் நாடுகளின் வில்லங்கம் என்று நாம் ஒதுங்க முடியாது. 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலத்தில், மழைக்குப் பயந்து கார் நிறுத்தும் இடத்துக்குள் ஜெனரேற்றரை இழுத்து வைத்துக் கதவைச் சாத்தினால், அது விடுவதும் இதே நஞ்சுதான். எரிபொருள் ஹீற்றர்தான் வேண்டுமென்றால், வெளியிலிருந்தே காற்றை எடுத்துப் புகையையும் வெளியே விடும் மூடிய வகையை மட்டும் வாங்கலாம். கூடவே காபனோரொட்சைட்டு அலாரமும் வேண்டும், கராஜை ஒட்டிய அறையிலும் ஒன்று.

கராஜில் பெற்றோலும் இருக்கும், மறக்கக் கூடாது. கழித்தல் 40 பாகைக் குளிரிலும் பற்றக்கூடிய அளவுக்கு அது ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரம், வெள்ளம் போலத் தரையோடு தவழும். தீப்பொறி தரக்கூடிய கருவிகளைக் கராஜ் தரையிலிருந்து 45 சென்ரிமீற்றராவது உயர்த்தி வைக்கச் சொல்வது இதனால்தான். தரையில் வைக்கும் சின்ன ஹீற்றர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்குப் பிடிக்காததும் இதனால்தான்.

அத்தான் கடைசியில் 1500 வாற் அகச்சிவப்பு ஒன்றை வாங்கி முகட்டில் மாட்டினார். பெற்றோல் கானும் தின்னர் ரின்களும் வெளிக் கொட்டிலுக்குப் போயின. அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"சூடாத்தான் கிடக்கு, ஆனா பெரிசா இல்லை."

"கன்னியா அளவிலயா?"

கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணற்றிலும் குளித்து வளர்ந்தவர், அங்கே கிணற்றுக்குக் கிணறு சூடு வேறு என்று அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இல்லையடா. கன்னியாத் தண்ணிய வாளியோட தலையில ஊத்தலாம். இதில விரல் வைச்சு மூன்று எண்ண ஏலாது."

உடனே நிறுத்தச் சொன்னேன். சொக்கற் மாற்ற எலக்ரீஷியன் வியாழக்கிழமைதான் வருவாராம். அதுவரை ஜாக்கெற் போட்டுக்கொண்டு இழைப்புளி தள்ளுகிறார்.