நெஞ்சுவலி, மைட்டோகாண்ட்ரியா, மலைப்பாதை

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். மாரடைப்போடு வருகிறவர்களுக்கு அந்தப் பாதையில் போகும் நேரத்தைவிட, கிளம்பத் தயங்கியதில் போன நேரம்தான் அதிகம். "வாயுன்னு நெனச்சு சோடா வாங்கிக் குடுத்தோம் டாக்டர்" என்பார் கூட வந்த மகன். அப்பாவின் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருக்கும். வலி எப்போது வந்தது என்று கேட்டால், "ராத்திரி சாப்பிட்டதுல இருந்துங்க" என்பார்கள். பொழுது விடிந்திருக்கும்.

அந்த ராத்திரியில் உள்ளே நடந்ததைச் சொல்கிறேன். இதயத் தசைச் செல்லின் பருமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாதான், அதாவது செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் நுண்ணுறுப்புகள். ஓயாமல் துடிக்க அவ்வளவு ஆற்றல் வேண்டும். ரத்தக்குழாய் அடைத்ததும் ஆக்சிஜன் நின்று, செல்லின் எரிபொருளான ஏடிபி தீர்ந்து, செல்லுக்குள் கால்சியம் பெருகுகிறது. ரத்தம் அறவே போகாத இடத்தில் சுமார் 20 நிமிடத்திலேயே செல்கள் மீள முடியாத நிலைக்குப் போகத் தொடங்கும். அந்த இடத்தின் நடுப்பகுதியில் இருப்பவை வீங்கி உடைந்து சாகும். ஓரத்தில் இருப்பவற்றில் பல வேறு விதமாகச் சாகின்றன. மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வு கசிந்து சைட்டோகுரோம் சி வெளியேறுகிறது. உள்ளே இருக்கும்வரை ஆற்றல் தயாரிப்பில் எலக்ட்ரான் சுமந்த புரதம் அது. வெளியே வந்ததும் செல்லின் புரதங்களை வெட்டும் காஸ்பேஸ் நொதிகளை முடுக்கிவிட, செல் தன்னைத்தானே கலைத்துக்கொள்கிறது. உயிர்வேதியியலாளர் சியாவோடாங் வாங்கின் குழு 1996-இல் இந்தத் தொடர்பை வெளியிட்டது.

அடைப்பை நீக்கி ரத்தம் திரும்பப் பாயும் நிமிடங்களிலும் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு துளை திறந்து இன்னும் சில செல்கள் போகும். அதற்குப் பயந்து ஆஞ்சியோ வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். அடைப்பை விட்டுவைத்தால் இழப்பு பல மடங்கு. அந்தத் துளையைத் தடுக்க சைக்ளோஸ்போரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2015-இல் வந்தது. பலன் இல்லை. ஆகவே ஓரத்துச் செல்களைக் காப்பாற்ற என்னிடம் இருப்பது நீங்கள் சீக்கிரம் கொண்டுவந்து கொடுக்கும் நேரம்தான்.

எஸ்டேட்டில் இருப்பவர்கள் முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் அங்கேயே முதல் டோஸ் மாத்திரைகள் உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல், மூச்சு வாங்குவதும் வியர்ப்பதும் மட்டுமே இருக்கலாம். பைக்கில் நடுவில் உட்காரவைத்து இறக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். வழியில் துடிப்பு தாறுமாறானால் ஷாக் கொடுக்கும் கருவி ஆம்புலன்ஸில்தான் இருக்கும்.