பயணப்பை வாங்கும் முன் முதுகை அளந்து பாருங்கள்

ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை முடிந்து ஜனவரி பிறந்ததும், சிங்கப்பூரில் உள்ள எங்கள் பிசியோதெரபி அறைக்கு ஒரே மாதிரி வலியோடு பெண்கள் வரத் தொடங்குவார்கள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே தசை இறுகிப்போயிருக்கும். தலையைத் திருப்பினால் சுரீர் என்று இழுக்கும். சிலருக்கு விரல்கள் மரத்துப்போகும். வியட்நாமுக்கோ பாலிக்கோ நேப்பாளத்துக்கோ போய்விட்டு வந்திருப்பார்கள். பெரும்பாலும் 155 செ.மீ.க்கும் குறைவான உயரம். "எந்தப் பையை மாட்டிக்கொண்டு போனீர்கள்?" என்பதுதான் நான் முதலில் கேட்பது. கணவருடைய பை, தம்பியின் பை, என்.எஸ். (கட்டாயத் தேசிய சேவை) முடித்த மகன் அலமாரிக்கு மேல் போட்டுவைத்திருந்த பை என்றுதான் பதில் வரும்.

அப்படி வந்த ஓர் அம்மாவிடம், அடுத்த முறை அந்தப் பையையும் கொண்டுவரச் சொன்னேன். "வெயிட்டே இல்லம்மா, ஏழு கிலோதான். ஏர்போர்ட்ல நிறுத்துப் பார்த்தாங்களே" என்றார். அவருடைய எடை 43 கிலோ. எழுபது கிலோ எடையுள்ள மகனுக்கு அந்த ஏழு கிலோ பத்தில் ஒரு பங்கு. அம்மாவுக்கோ ஆறில் ஒரு பங்கு. சரி, அதுகூடத் தூக்க முடியாத எடை இல்லை. உடல்நலமுள்ள ஒருவர் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை சுமக்கலாம் என்பது மலையேறுபவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

பையில் எடையைப் போட்டு மாட்டிக்காட்டச் சொன்னேன். தோள் வார்கள் தோளில் படியும்படி இழுத்துக்கொண்டார். இடுப்பு பெல்ட் இடுப்பெலும்புக்கு ஒரு கையகலம் கீழே, பின்புறத்தில் போய்த் தொங்கியது. முழுக்க இறுக்கிய பிறகும் பெல்ட்டுக்குள் என் விரல்கள் தாராளமாக நுழைந்தன. பையைத் தூக்கிப் பெல்ட்டைச் சரியான இடத்தில் வைத்துக் கட்டினேன். இப்போது தோள் வார்கள் தோளைத் தொடாமல் மேலே வளைந்து நின்றன. பையின் தலைப்பாகம் அவர் கொண்டையில் இடித்தது. மேலே சரிசெய்தால் கீழே கெடுகிறது, கீழே சரிசெய்தால் மேலே கெடுகிறது. பையின் முதுகு நீளம் அவருடைய முதுகைவிட அதிகம், அவ்வளவுதான். எந்த வாரை இழுத்தாலும் இது தீராது.

கிராமத்துப் பாட்டிமார் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றி வைத்து நடப்பார்களே, நல்ல முதுகுப்பையும் அப்படித்தான்: சுமையின் பெரும்பங்கு இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் உட்கார வேண்டும். அந்த எலும்பு வலுவானது. அதற்குக் கீழே தொடைத் தசைகள் இருக்கின்றன. தோள் வார்களின் வேலை பை பின்னால் சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டும். பெல்ட் தன் வேலையைச் செய்யாதபோது மொத்த எடையும் தோளில் தொங்குகிறது. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக்கற்றை, தோளுக்கு முன்புறம் இருக்கும் காறை எலும்புக்கு அடியில் புகுந்துதான் போகிறது. வார் அந்த இடத்தை மணிக்கணக்கில் அழுத்தினால் கை மரத்துப்போகும், பலம் குறையும். 'ரக்சாக் பால்சி' என்று மருத்துவத்தில் இதற்குப் பெயரே உண்டு. பாரமான பையோடு நீண்ட தூரம் நடக்கும் ராணுவ வீரர்களிடம் அதிகம் பார்க்கப்பட்டது. அந்த அம்மாவுக்கு ஓய்விலும் பயிற்சியிலும் சரியானது. ஆனால் மரத்துப்போவது நாட்கணக்கில் நீடித்தாலோ, கையை உயர்த்தச் சிரமப்பட்டாலோ, ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு முதுகிலிருந்து துருத்திக்கொண்டு தெரிந்தாலோ, தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். பாலிகிளினிக்கில் (அரசு மருந்தகத்தில்) உடனே காட்டுங்கள்.

இப்போது அளவுக்கு வருவோம். பை வாங்கப் போகிறவர்கள் உயரத்தைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். உயரம் இதில் பாதி உண்மையைத்தான் சொல்லும். 150 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்குக் கால் குட்டையாகவும் முதுகு நீளமாகவும் இருக்கலாம், 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு நேர்மாறாக இருக்கலாம். அளக்க வேண்டியது முதுகின் நீளம். வீட்டில் யாரையாவது தையல் டேப்போடு கூப்பிடுங்கள். தலையைக் குனியுங்கள். கழுத்தின் அடியில் ஒரு எலும்பு முண்டாகத் துருத்தும். கழுத்தெலும்புகளில் ஏழாவது அது. அதுதான் மேல் முனை. பிறகு இரண்டு கைகளையும் இடுப்பில் வையுங்கள்; ஆள்காட்டி விரல்கள் முன்னால், கட்டை விரல்கள் பின்னால், இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் அழுந்தி இருக்கட்டும். கட்டை விரல்கள் இரண்டையும் சேர்த்து ஒரு கோடு போட்டால் அது முதுகெலும்பைத் தொடும் இடம்தான் கீழ் முனை. அப்புறம் தலையை நிமிர்த்தி நேராக நில்லுங்கள். முதுகெலும்பின் வளைவோடு டேப்பை ஒட்டி அளக்கச் சொல்லுங்கள். நீங்களே வளைந்து அளந்தால் கணக்குத் தப்பும்.

அந்த எண் 40 செ.மீ.க்குக் கீழே வந்தால், கடையில் தொங்கும் 'எல்லாருக்கும் ஒரே அளவு' பைகளில் பெரும்பாலானவை உங்களுக்கு நீளம். முதுகு நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி உள்ளதையோ, மிகச் சிறிய அளவில் கிடைப்பதையோ தேடுங்கள். 'பெண்களுக்கானது' என்று எழுதியிருப்பதால் மட்டும் பொருந்திவிடாது. சில நிறுவனங்கள் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு அந்தச் சொல்லை ஒட்டிவிடுகின்றன. உண்மையிலேயே பெண்களுக்காகச் செய்த பையில் தோள் வார்கள் நெருக்கமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும், மார்பகத்தைச் சுற்றிப் போவதற்காக வளைந்திருக்கும். இடுப்பு பெல்ட் இடுப்பின் சரிவுக்கு ஏற்பச் சாய்ந்திருக்கும். ஆஸ்ப்ரே நிறுவனத்தின் ஃபார்பாயிண்ட் பைக்குப் பெண்கள் வடிவம் ஃபேர்வியூ. டாய்ட்டர் பைகளில் பெயரோடு 'எஸ்.எல்.' என்று இருந்தால் அது பெண்கள் அளவு. அவற்றில் ஒரு குட்டித் துணிப்பூவும் தொங்கும். டெக்கத்லானின் ஃபோர்க்லாஸ் வரிசையிலும் பெண்களுக்கானவை உண்டு, விலையும் குறைவு.

இவை எதுவும் பொருந்தாத அளவுக்குச் சின்ன உடம்புக்காரர்கள் பதின்ம வயதினர் பைகளையும் போட்டுப் பார்க்கலாம். டாய்ட்டர் ஃபாக்ஸ், ஆஸ்ப்ரே ஏஸ் போன்றவற்றில் முதுகு நீளத்தை நன்றாகக் குறைக்க முடியும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பிள்ளைகளின் இடுப்புக்காகச் செய்த பெல்ட் உங்களுக்கு எட்டுகிறதா என்று பக்கிளைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கடையில் காலிப் பையை மாட்டிப் பார்ப்பதில் பயனே இல்லை. காலியாக இருக்கும்போது எல்லாப் பையும் சுகமாகத்தான் இருக்கும். காலாங் டெக்கத்லானோ குவீன்ஸ்வே கடைத்தொகுதியோ, எங்கே போனாலும் உள்ளே எடை போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால் கையோடு தண்ணீர்ப் பாட்டில்களை எடுத்துப் போங்கள். கூச்சப்பட வேண்டாம், பை எந்த நாளும் எடையோடுதான் உங்கள் முதுகில் ஏறப்போகிறது.

மாட்டும் வரிசை முக்கியம். முதலில் எல்லா வார்களையும் தளர்த்திவிடுங்கள். பையை மாட்டி, தோளைக் கொஞ்சம் குலுக்கி மேலே ஏற்றி, இடுப்பு பெல்ட்டைப் போடுங்கள். பெல்ட்டின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் அமர வேண்டும். வயிற்றை அழுத்தினால் மேலே ஏறிவிட்டது. உட்காரும்போது தொடையில் வெட்டினால் கீழே இறங்கிவிட்டது. இடுப்பைக் கச்சிதமாகப் பிடிக்கும்படி இறுக்கிய பிறகும் இழுக்க இன்னும் கொஞ்சம் வார் மிஞ்ச வேண்டும். பயணத்தில் உடம்பு கொஞ்சம் இளைத்தாலும், மெல்லிய துணி போட்டாலும் பெல்ட் தளர்ந்துவிடும். ஒல்லியானவர்களுக்கு இதுதான் அடிக்கடி நேர்கிறது. அதன் பிறகு தோள் வார்களை மெதுவாக இழுங்கள், தோளோடு இடைவெளியில்லாமல் படிந்தால் போதும். தோளின் மேலிருந்து பையின் தலைக்குப் போகும் சின்ன வார்கள் இருந்தால் அவை ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் மேல்நோக்கிப் போகின்றனவா என்று கண்ணாடியில் பாருங்கள். தட்டையாகவோ கீழ்நோக்கியோ போனால் பை அளவு சரியில்லை. கடைசியில் நெஞ்சு வார், காறை எலும்புக்குச் சற்றுக் கீழே. அது மேலும் கீழும் நகரக்கூடியதாக இருக்கட்டும். நகராத வார் பல பெண்களுக்கு மார்பின் மேலேயே வந்து விழுகிறது.

பிறகு அண்ணாந்து கூரையைப் பாருங்கள். தலை இடிக்கிறதா? கொண்டை போடுகிறவர்கள் கொண்டையோடும், பின்னல் போடுகிறவர்கள் பின்னலோடும் பாருங்கள். படி ஏறுவதுபோல முழங்காலை உயர்த்துங்கள். பக்கவாட்டில் கையை வீசுங்கள். வார் அகலமாக இருந்தால் அக்குளில் உரசும். இருபது நிமிடமாவது கடைக்குள் நடந்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். ஆன்லைனில் வாங்கினால் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதுகுக்கும் பைக்கும் நடுவில் வலை இழுத்துக் கட்டிய மாடல்கள் இங்கே நன்றாக விற்கின்றன. நம் ஊர் வெக்கைக்குக் காற்றோட்டம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த இடைவெளி சுமையை முதுகிலிருந்து பின்னால் தள்ளிவிடுகிறது. எடை குறைந்த பெண்ணை அது பின்னுக்கு இழுக்கும், அவர் ஈடுகட்ட முன்னால் குனிவார், இடுப்பு வலிக்கும். முதுகு நனைந்தாலும் பரவாயில்லை, ஒட்டி உட்காரும் பையே சின்ன உடம்புக்கு நல்லது என்பது என் கருத்து. சக்கரமும் முதுகு வாரும் சேர்ந்த இரட்டை வசதிப் பைகளையும் நான் பரிந்துரைப்பதில்லை. சக்கரம், கைப்பிடிக் கம்பி எல்லாம் காலிப் பையின் எடையிலேயே ஏறிவிடும்.

கொள்ளளவுக்கு வந்தால், 40 லிட்டருக்கு மேல் வேண்டாம் என்றே சொல்வேன். அறுபது லிட்டர்ப் பை வாங்கினால் அறுபது லிட்டருக்கும் சாமான் சேர்ந்துவிடும். தவிர, 40 லிட்டர்ப் பைகள் பல விமானங்களில் கையிலேயே கொண்டுபோகும் அளவில் இருக்கின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எகானமி வகுப்பில் கைப்பைக்கு 7 கிலோ, நீள அகல உயரம் சேர்த்து 115 செ.மீ.; மலிவு விமானமான ஸ்கூட்டில் கையில் கொண்டுபோகும் இரண்டு உருப்படிக்கும் சேர்த்து 10 கிலோ. விதி மாறக்கூடியது, டிக்கெட் எடுக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். பையே ஒன்றரை கிலோ இருந்தால் ஏழில் மிஞ்சுவது ஐந்தரைதான் என்பதையும் கணக்கில் வையுங்கள். திருச்சிக்கோ சென்னைக்கோ சொந்தக்காரர்களுக்குச் சாமான் நிரப்பிக்கொண்டு போகிறீர்கள் என்றால் முதுகுப்பையே வேண்டாம்; சக்கரப் பெட்டிதான் சரி. மலேசியாவின் கினாபாலு மலை ஏறுகிறவர்களுக்கும் பெரிய பை தேவையில்லை, அங்கே சுமை தூக்கக் கூலிக்கு ஆள் அமர்த்திக்கொள்ளலாம்.

அடுக்கும்போது கனமானவை முதுகெலும்பை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கும் இடுப்புக்கும் நடுவில் வரட்டும். துணி வெளிப்பக்கமும் அடியிலும் போகட்டும். முன்னால் இன்னொரு பையைத் தொங்கவிட்டுக்கொள்ளும் பழக்கம் குட்டையானவர்களுக்கு ஆபத்து, கீழே படி தெரியாது. விமானத்தில் மேல் பெட்டியில் பையை வைக்க எம்பி எம்பித் தோளைக் கெடுத்துக்கொண்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் உயரமாக யார் இருந்தாலும் "கொஞ்சம் வைத்துத் தருகிறீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். தரையிலிருந்து பையை மாட்டும்போது குனிந்து ஒரே இழுப்பாக இழுக்காமல், முதலில் தொடைமேல் வைத்து, பிறகு ஒரு கையை நுழையுங்கள்.

மாதவிடாய் நின்றபின் எலும்பு மெலிவு நோய் உள்ளவர்கள், அண்மையில் பிரசவமானவர்கள், சிசேரியன் தழும்பு இன்னும் வலிக்கிறவர்கள் பை வாங்கும் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். எலும்பு மெலிந்த முதுகில், சுமையோடு முன்னால் குனிவதே முள்ளெலும்பு நசுங்கக் காரணமாகலாம்.

பை வந்த பிறகு, பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே பழகுங்கள். ஐந்து கிலோ அரிசிப் பையைத் துண்டில் சுற்றி உள்ளே வையுங்கள், உங்கள் அடுக்குமாடி புளோக்கின் படிகளில் ஏறி இறங்குங்கள். வார இறுதியில் புக்கிட் தீமா குன்றின் உச்சிவரை போகலாம். 163 மீட்டர்தான் என்றாலும் அந்தச் சரிவில் பெல்ட் வழுகுகிறதா என்று தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன் நின்று தோலில் சிவந்த தடம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இடுப்பெலும்பின் மேல் இலேசாக இருந்தால் நல்லது. தோளின் மேலும் காறை எலும்பின் பக்கத்திலும் அழுத்தமாக இருந்தால் வார்களைத் தளர்த்தி, முதுகு நீளத்தைக் குறைத்து மறுபடி நடந்து பாருங்கள். அப்போதும் அங்கேயே சிவந்தால் ரசீதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் மாற்றிவிடுங்கள்.