தாலி ஏறியது, பதிவேட்டில் பெயர் ஏறியதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குடும்ப வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் என்ற முறையில், ஒரு பெண்ணின் பொருளாதார நிலையை அறிய நான் முதலில் அவர் சம்பளத்தைக் கேட்பதில்லை. திருமணம் பதிவாகியிருக்கிறதா, வீடு யார் பெயரில் இருக்கிறது என்ற இரண்டையும்தான் கேட்பேன். இந்தியர் அதிகம் வாழும் நகரப் பகுதிகளான சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் வரும் தமிழ்ப் பெண்களில் பலர், கோவிலில் ஊரறிய நடந்த திருமணமே போதும் என்று நம்பியிருக்கிறார்கள். பதிவாகாத இந்துச் சடங்குத் திருமணத்தை விவாகரத்துச் சட்டம் திருமணமாக ஏற்பதில்லை என்பது, கணவர் பிரிந்துபோன பிறகுதான் அவர்களுக்குத் தெரிய வருகிறது.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. உயில் எழுதாமல் கணவர் இறந்துவிட்டால், இந்து முறைப்படி மணந்த மனைவிக்கு வாரிசுரிமை உண்டு என்று டர்பன் உயர் நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. பிள்ளைக்குரிய பங்கு அல்லது 2,50,000 ரேண்ட், இவற்றில் எது அதிகமோ அது அவருக்குச் சேரும். ஆனால் அதே கணவர் உயிரோடு இருந்து பிரிந்துபோனால், சொத்துப் பங்கீட்டை விவாகரத்து வழக்கில் கேட்க அவருக்கு வழியில்லை. கைம்பெண்ணாக மட்டுமே சட்டம் அவரை மனைவியாகக் காண்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

பதிவு செய்யாமல் விடுவதற்குக் காரணங்கள் பல: முந்தைய விவாகரத்து முடியவில்லை, மறுமணம் பதிவானால் பழைய கணவர் வழி வரும் ஓய்வூதியம் நின்றுவிடுமோ என்ற அச்சம், ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற மெத்தனம். இந்த மெத்தனத்தைத்தான் என்னால் ஏற்க முடிவதில்லை. 1913-இல் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்பு இந்து, முஸ்லிம் திருமணங்களைச் செல்லாதவையாக்கியபோது, அதை எதிர்த்துச் சிறை சென்றவர்களில் தமிழ்ப் பெண்கள் முன்நின்றார்கள். சிறையில் நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை, விடுதலையான பின், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். அதே ஆண்டு வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் நம் திருமணங்களைப் பதிவு செய்ய வழிவகுத்தது. அப்படிக் கிடைத்த உரிமையை, கையெழுத்திட நேரமில்லை என்று நாமே கைவிடுகிறோம்.

பதிவு இல்லாதபோது எஞ்சுவது, இருவரும் கூட்டாகச் சொத்துச் சேர்த்தார்கள் என்று நிரூபிக்கும் வழக்குதான். அங்கேதான் குடும்பப் பொருளாதாரத்தின் ஏற்றத்தாழ்வு வெளிப்படையாகத் தெரிகிறது. பெரும்பாலான வீடுகளில் வீட்டுக் கடன் தவணை கணவர் கணக்கிலிருந்து போகிறது. மளிகை, பள்ளிக் கட்டணம், மின்சாரம், மாமியாரின் மருந்து ஆகியவை மனைவி சம்பளத்திலிருந்து போகின்றன. அவர் பணத்தில் வாங்கிய அரிசியைக் குடும்பம் சாப்பிட்டு முடித்துவிட்டது; கணவர் பணம் மட்டும் சுவரும் கூரையுமாக நிற்கிறது. இருபது ஆண்டுகள் ஆடைத் தொழிற்சாலையில் தைத்துச் சம்பாதித்த பெண்ணிடம், ‘உங்கள் பங்களிப்புக்கு என்ன ஆதாரம்?’ என்று எதிர்த்தரப்பு கேட்கும்போது, காட்ட ஒரு ரசீதும் இருப்பதில்லை. சமையலுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் ரசீதே கிடையாது.

பதிவான திருமணத்திலும் எதில் கையெழுத்திடுகிறோம் என்று பார்க்க வேண்டும். தனி ஒப்பந்தம் இல்லையென்றால் சொத்தும் கடனும் இருவருக்கும் பொது. கடை நடத்தும் குடும்பங்கள் கடன்காரர்களுக்குப் பயந்து சொத்தைத் தனித்தனியாக்கும் ஒப்பந்தம் போடுகின்றன, அது நியாயமானதே. ஆனால் திருமணக் காலத்தில் வளர்ந்த சொத்தைப் பகிரும் பிரிவையும் அதிலிருந்து நீக்கிவிட்டால் மனைவிக்கு எதுவும் மிஞ்சாது. 1984 நவம்பர் 1-க்குப் பின் அப்படி மணந்தவர்களும் விவாகரத்தின்போது பங்கீடு கோரலாம் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2023-இல் கூறியது பெரிய ஆறுதல். எனினும் அது நீதிபதியின் முடிவுக்கு உட்பட்டது, தானாகக் கிடைப்பதன்று.

கோவிலில் மட்டும் மணந்து ஆண்டுகள் பல ஆனவர்களும், இருவரும் உடன்பட்டால், உள்துறை அலுவலகத்தில் இப்போதும் சட்டப்படி மணந்துகொள்ளலாம். பகிர்வுப் பிரிவோடு தனிச்சொத்து ஒப்பந்தம் வேண்டுமானால், அந்தப் பதிவு நாளுக்கு முன்பே நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டு, மூன்று மாதத்துக்குள் பத்திரப் பதிவகத்தில் சேர்க்க வேண்டும். உடன்படாத கணவர் உள்ள பெண்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: மளிகையைக் கணவர் ஏற்கட்டும், வீட்டுக் கடன் தவணையில் ஒரு பகுதியாவது உங்கள் கணக்கிலிருந்து போகட்டும்.