உதிரும் இறகும் முளைக்கும் இறகும்: வளர்ப்புப் பறவையின் கூண்டுக்குள் என்ன நடக்கிறது?

வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் வளர்க்கும் பட்ஜி என்ற சிறு கிளியின் கூண்டுத் தரையில் சில நாள்களாக இறகாகக் கிடக்கிறதாம். ஓயாமல் பேசும் பறவை இப்போது வாயே திறப்பதில்லை. தலையைத் தடவப் போனால் கடிக்கிறது. உச்சந்தலையில் முள் முள்ளாக ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் கண்பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இது நோயா, வயதா, வேறு ஏதாவதா என்று கேட்கிறார்.

கண்ணும் படவில்லை, ஒன்றும் படவில்லை. பறவை வளர்ப்போர் மோல்டிங் என்று சொல்லும் இறகுதிர்ப்பு இது. பட்ஜிக்கு மூன்று நான்கு மாத வயதில் முதல் முறை வரும். நெற்றியில் குஞ்சுப் பருவத்து வரிகள் மறைவது அப்போதுதான். அதன் பிறகு ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை நடக்கும். ஆனால் தரையில் விழும் இறகைப் பார்த்துப் பதறுகிறவர்கள், தோலுக்குள் முளைத்துக்கொண்டிருக்கும் இறகைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பறவைக்கு நம் உதவி தேவைப்படுவது அந்த வேலைக்குத்தான்.

முழுதாக வளர்ந்த இறகில் உயிர் இல்லை. கெரட்டின் வகைப் புரதம் மட்டுமே இருக்கிறது. ரத்தமும் நரம்பும் இல்லாததால், தேய்ந்ததைப் பழுதுபார்க்க முடியாது, மாற்றத்தான் முடியும். இது எவ்வளவு பெரிய செலவு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1955-இல் வெளியான ஓர் ஆய்வில் பியர்ஸ் பிராட்கார்ப் என்பவர் ஒரு வெண்தலைக் கழுகின் இறகுகளை எண்ணி, எடையும் பார்த்தார். மொத்தம் 7,182 இறகுகள், எடை 677 கிராம். அந்தக் கழுகின் எலும்புக்கூடோ வெறும் 272 கிராம். இவ்வளவையும் ஒரே நேரத்தில் மாற்றத் துணிந்தவை சில உண்டு. வாத்துகள் பறக்கும் இறகுகளை ஒட்டுமொத்தமாக உதிர்த்துவிட்டுச் சில வாரங்கள் பறக்காமலே ஓட்டுகின்றன. கிளி இனங்கள் அப்படிச் செய்வதில்லை. இறக்கையின் நடுப்பகுதியில் தொடங்கி இருபுறமும் ஒவ்வொன்றாக மாற்றுகின்றன. இடப்பக்கம் ஓர் இறகு விழுந்தால், சில நாள்களில் வலப்பக்கமும் அதே இடத்து இறகு விழும். பறக்கும்போது ஒரு பக்கம் சாயாமல் இருக்க இது உதவுகிறது.

தூண்டுதல் எங்கிருந்து வருகிறது? பகல் நீளம், இனப்பெருக்க ஹார்மோன்கள் தணிவது, தைராய்டு ஹார்மோன் என்று பல சேர்ந்து இயங்குகின்றன. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். பறவை ஒளியைக் கண்ணால் மட்டும் அளப்பதில்லை. மண்டையோட்டைத் தாண்டி உள்ளே கசியும் ஒளியை மூளையே நேராக உணர்கிறது. 1930-களில் ழாக் பென்வா என்ற பிரெஞ்சு ஆய்வாளர் வாத்துகளில் இதைக் காட்டினார். ஆகவே, நள்ளிரவு வரை விளக்கெரியும் கூடத்தில் தொங்கும் கூண்டுக்குள் இருக்கும் பறவைக்குப் பருவக் கணக்கு குழம்பிப்போகிறது, உதிர்ப்பும் முடிவில்லாமல் இழுத்துக்கொண்டே போகலாம். இந்த நாள்களில் 10 முதல் 12 மணி நேர இருட்டும் அமைதியும் கொடுங்கள்.

சரி, இனி எனக்குப் பிடித்த பகுதி.

ஒவ்வோர் இறகும் தோலில் உள்ள ஒரு சிறு குழியிலிருந்து முளைக்கிறது. பழையது விழுந்து இடம் காலியானதும் புதியது வளரும் என்றுதான் நினைப்போம். நடப்பது தலைகீழ். குழியின் அடியில் புது இறகு முதலில் வளரத் தொடங்கி, பழையதை மேலே தள்ளி வெளியேற்றுகிறது. பென்குயின்களில் புது இறகின் நுனியில் பழைய இறகு சில நாள் ஒட்டிக்கொண்டிருப்பதைக்கூடப் பார்க்கலாம்.

குழியின் அடியில் புதுச் செல்களைப் பிறப்பிக்கும் ஸ்டெம் செல்கள் ஒரு மோதிரம் போல வட்டமாக அமைந்திருக்கின்றன. அவை பெருகப் பெருக, பிறந்த செல்கள் மேல்நோக்கித் தள்ளப்பட்டு ஒரு குழாயாக உயர்கின்றன. முதலில் உருவாவது நுனி, கடைசியில் உருவாவது அடித்தண்டு. இப்போது கேள்வி: உருண்டைக் குழாய் எப்படித் தட்டையான இறகாகிறது?

குழாயின் சுவரில் வரிவரியாக மேடுகள் எழும்புகின்றன. ஒவ்வொரு மேடும் இறகின் ஓர் இழையாகப் போகிறது. மேடுகளுக்கு இடையில் உள்ள செல்கள் உரிய நேரத்தில் செத்துப்போகின்றன. யாரும் வெட்டவில்லை, கிழிக்கவில்லை. செல்கள் இறந்து விட்டுப்போன இடைவெளிதான் ஓர் இழையை அடுத்த இழையிலிருந்து பிரிக்கிறது. ஒவ்வோர் இழைக்குள்ளும் உள்ள இன்னும் நுண்ணிய கிளைகள் பிரிவதும் இப்படியே. எந்தச் செல் கெரட்டினை நிரப்பிக்கொண்டு இறகாக நிற்க வேண்டும், எந்தச் செல் இடத்தைக் காலிசெய்ய வேண்டும் என்பது அந்தக் குறுகிய குழாய்க்குள் முடிவாகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

மேடுகள் நேராக ஏறுவதில்லை. சாய்வாகச் சுற்றிக்கொண்டு போய் ஒரு பக்கத்தில் ஒன்றுசேர்கின்றன. சேருமிடத்தில் நடுத்தண்டு உருவாகிறது. அதற்கு நேரெதிரே குழாய் பிளக்கிறது. மேலுறை கழன்றதும், சுருட்டி வைத்த பாய் விரிவது போல இறகு விரிந்துகொள்கிறது.

உடலோடு ஒட்டிய பஞ்சிறகுக்கு நடுத்தண்டு கிடையாது. அதே மாதிரிக் குழியிலிருந்து அது எப்படி வருகிறது? 2005-இல் செங்-மிங் சுவாங் என்ற ஆய்வாளரின் குழுவினர் விடையைக் கண்டார்கள். பஞ்சிறகுக் குழியில் அந்த ஸ்டெம் செல் மோதிரம் படுக்கைவாட்டில் இருக்கிறது. தண்டுள்ள இறகின் குழியில் அது சாய்ந்திருக்கிறது. மறு ஆண்டே இன்னொன்றும் தெரிந்தது. வின்ட்-3ஏ என்ற சமிக்ஞைப் புரதம் குழாயின் ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்தபோது, தண்டோடு வளர வேண்டிய இறகு பஞ்சிறகைப் போல எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளர்ந்தது.

இந்த ஆய்வுகள் கோழிகளில் நடந்தவை. கோழி இறகை ஆராய எதற்குப் பொதுப்பணம் என்று கேட்பவர்கள் உண்டு. இறகுக் குழியில் மேடுகள் அமைவதில் பங்கேற்கும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதம்தான் கருவில் நம் விரல்களின் வரிசையையும் அமைக்கிறது. அதன் சமிக்ஞைப் பாதை கட்டுப்பாட்டை இழந்தால் ஒருவகைத் தோல் புற்றுநோய் வருகிறது. பயன் என்ன என்று முதல் நாளே கேட்டு நிதியை நிறுத்தும் பழக்கம் எனக்கு உடன்பாடானது அல்ல. அப்படிக் கேட்டிருந்தால் இறகையும் புற்றுநோயையும் யாரும் சேர்த்துப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

வாசகர் சொன்ன முள்ளுக்கு வருவோம். வளரும் இறகு உயிருள்ளது. அதன் நடுவே ரத்தக்குழாய் ஓடுகிறது, நரம்பும் இருக்கிறது, மேலே கெரட்டின் உறை மூடியிருக்கிறது. அதனால்தான் தொட்டால் வலிக்கிறது, கடிக்கிறது. வளர்ந்து முடியும்போது ரத்தம் மெல்லக் கீழிறங்கி உறை காய்ந்து வெளுக்கும். பறவை அதை அலகால் கோதி உதிர்த்துவிடும். கூண்டில் காணும் வெள்ளைத் தூள் இந்த உறையின் துணுக்குகள்தான். பேன் மருந்து தேடி ஓட வேண்டாம். தன் தலையைப் பறவையால் கோத முடியாது, அது இணைப் பறவையின் வேலை. தனியாக வளரும் பறவைக்கு நீங்கள் உதவலாம். வெளுத்துக் காய்ந்த உறையை மட்டும் இரு விரல்களுக்கிடையே மெதுவாக உருட்டினால் உதிரும். அடி கருநீலமாக இருந்தால் ரத்தம் இன்னும் இருக்கிறது என்று பொருள், தொடாதீர்கள். வெதுவெதுப்பான நீரைப் பகலில் மென்தூறலாகத் தெளித்தாலோ, ஆழமில்லாத கிண்ணத்தில் குளிக்க விட்டாலோ உறைகள் இளகும். மாலைக்குள் உலர்ந்துவிட வேண்டும். இறகு குறைந்த உடல் சீக்கிரம் சூட்டை இழக்கும் என்பதால் காற்று நேராக அடிக்கும் இடத்தில் கூண்டை வைக்காதீர்கள்.

ரத்தமுள்ள இறகு முறிந்தால் அது அவசர நிலை. 30 முதல் 40 கிராம் எடையுள்ள பட்ஜியின் உடலில் மொத்தமே ஏறத்தாழ 3 மில்லிலிட்டர் ரத்தம்தான். சுத்தமான துணியால் சில நிமிடங்கள் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நிற்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள். முறிந்த இறகை நாமே பிடுங்கிவிடலாம் என்ற பழைய யோசனை வேண்டாம். கடுமையாக வலிக்கும், குழியும் சிதையலாம். காக்கட்டீல் என்ற கொண்டைக் கிளிகள் இரவில் திடுக்கிட்டுக் கூண்டுக்குள் மோதிக்கொள்வது வழக்கம். அவற்றுக்கு மட்டும் மிக மங்கலான விளக்கு ஒன்றை விட்டுவைக்கலாம்.

உணவில் கவனிக்க வேண்டியது புரதத்தின் தரம். இறகில் கந்தகம் கொண்ட சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் மிகுதி. அதைச் செய்ய மெத்தியோனின் என்ற இன்னோர் அமினோ அமிலம் வேண்டும். தானிய விதைகளில் மெத்தியோனினும், லைசின் என்ற அமினோ அமிலமும் குறைவு. விதை மட்டுமே தின்னும் பறவைக்கு மூலப்பொருள் தட்டுப்படுவது இங்கேதான். வேகவைத்த முட்டை சிறிதளவு, வேகவைத்த பயறு, கீரை, பெல்லட் எனப்படும் நல்ல குறுமணித் தீவனம் ஆகியவற்றைக் கொடுக்கலாம். முட்டையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் விடாதீர்கள். அவகாடோ மட்டும் கூடவே கூடாது, பறவைகளுக்கு நஞ்சு.

நீங்கள் கொடுத்தது போதுமானதா என்பதை இறகிலேயே படிக்கலாம். உதிர்ந்த இறகு ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். குறுக்கே மங்கலும் வெளிறலுமாக மெல்லிய பட்டைகள் தெரியக்கூடும். ஒரு மங்கல், ஒரு வெளிறல் சேர்ந்தால் ஒரு பகலும் ஓர் இரவும். 1989-இல் தாமஸ் க்ரப் என்ற பறவை ஆய்வாளர் இந்தப் பட்டைகளின் அகலத்தை வைத்துப் பறவையின் ஊட்ட நிலையைக் கணிக்கும் முறையை முன்வைத்தார். நன்றாகத் தின்ற நாளில் பட்டை அகலமாக இருக்கும். கடும் பட்டினி, நோய், பெரும் அச்சம் ஏற்பட்ட நாளிலோ இழைகள் நலிந்து, குறுக்கே ஒளி ஊடுருவும் கோடாகவே பதிந்துவிடும். பின்னாளில் இறகு முறிவது பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான். இறகுதிர்ப்பு நாள்களில் கூண்டை இடம் மாற்றாதீர்கள், புதுப் பறவையைச் சேர்க்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

எப்போது கவலைப்பட வேண்டும்? இயல்பான உதிர்ப்பில் வெறுந்தோல் தெரியும் வழுக்கை விழாது. மார்பும் கால்களும் மொட்டையாகி, தலை மட்டும் முழு இறகோடு இருந்தால் பறவை தன்னைத்தானே பிடுங்கிக்கொள்கிறது, ஏனெனில் அலகுக்கு எட்டாத இடம் தலை ஒன்றுதான். தலையிலும் போகிறதென்றால் கூட இருக்கும் பறவையையோ பூச்சியையோ நோயையோ சந்தேகிக்கலாம். புது இறகுகள் கோணலாகவோ உறை கழலாமலோ வந்தால் வைரஸ் தொற்று இருக்கலாம், பரிசோதனை தேவை. தினமும் காலையில் கிராம் அளவு காட்டும் தராசில் எடை பாருங்கள். இறகு மாற்றும் பறவை அமைதியாக இருக்கும், ஆனால் தின்னும். தின்னாமல், உடலை உப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்தால் காத்திருக்கக் கூடாது.

இறக்கை வெட்டிய பறவை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. வெட்டுவது எனக்குப் பிடிக்காத வழக்கம், அது ஒருபுறம் இருக்கட்டும். வேரோடு பிடுங்கிய இறகுக்கு மாற்று உடனே வளரத் தொடங்கும். வெட்டிய இறகின் அடித்தண்டோ குழிக்குள்ளேயே இருப்பதால், அடுத்த உதிர்ப்பு வரை அந்த இடத்தில் எதுவும் முளைக்காது. உதிர்ப்பு தொடங்கியதும் புது இறகுகள் பக்கத்துணை இல்லாமல் தனித்தனியாக நீள்வதால் எளிதில் முறியும். அவை முறியாமல் வளர்ந்து முடிந்தால், நேற்று வரை தோளில் உட்கார்ந்திருந்த பறவை இன்று பறந்துவிடும். சன்னல்களை இப்போதே சாத்திப் பழகுங்கள்.