காந்தல் கம்பியும் காயாத திரியும்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் படிக்கும் மகனைப் பார்க்கப் போனவர், அவன் மேசை இழுப்பறையில் ஒரு சிறு கம்பிச் சுருள், பொம்மைக்குச் செய்ததுபோல ஒரு திருப்புளி, ஓர் இடுக்கி, ஒரு பொட்டலம் பஞ்சு எல்லாம் கிடப்பதைப் பார்த்துப் பதறிப்போயிருக்கிறார். ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கமோ என்று பயம். "மின்சிகரெட்டுக்குள் வைக்கிற சுருள் அம்மா. கடைச் சுருளுக்குச் செலவு தாங்கவில்லை, அதனால் நானே சுற்றிக்கொள்கிறேன். வருவது வெறும் நீராவிதான்" என்று மகன் சமாதானம் சொன்னானாம். அம்மாவுக்குச் சமாதானம் ஆகவில்லை. கையால் சுற்றிய சுருள் கடைச் சுருளைவிட நல்லதா, கெட்டதா என்று கேட்கிறார்.

எனக்குப் புகைப் பழக்கம் இல்லை. இந்தச் சாதனத்தையும் வாயில் வைத்ததில்லை. ஆனால் இந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுப் பூசையறை விளக்கை நான் சற்று அதிக நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காரணம் பின்னால் வருகிறது.

முதலில் சாமான். பாட் என்று அழைக்கப்படும் மின்சிகரெட் ஒரு மின்கலமும் அதன் தலையில் செருகும் பிளாஸ்டிக் கிண்ணமும்தான். கிண்ணத்தில் திரவம். அதன் அடியில், விரல் நுனி அளவு உலோகக் கூட்டுக்குள் ஒரு சூடேற்றும் சுருளும் பஞ்சும். இந்தக் கூட்டைத் திறக்க முடியாது; பஞ்சு கருகியதும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டும். கடைக்காரர்கள் 'ஆர்பிஏ' என்று சொல்லும் இணைப்பு இந்த இடத்தில் வந்து உட்காருகிறது. ஒரு சிறு உலோக மேடை, அதில் இரண்டு திருகுகள். கம்பியை நாமே சுற்றித் திருகில் மாட்ட வேண்டும், பஞ்சை நாமே நுழைக்க வேண்டும். கருகினால் பஞ்சை மட்டும் மாற்றினால் போதும்.

அடுத்து நீராவி. அது நீராவி இல்லை. திரவம் பெரும்பாலும் கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும். கூடவே நிகோடினும் வாசனைப் பொருள்களும். சூடான கம்பியில் ஆவியாகி, உறிஞ்சும் காற்றில் பட்டுக் குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத துளிகளாகத் திரள்வதுதான் அந்த வெள்ளை மேகம். மார்கழிக் காலையில் வாயிலிருந்து வரும் புகையும் இதே முறையில்தான் உருவாகிறது. ஆனால் அது தண்ணீர், இது கிளிசரின்.

கம்பிக் கணக்கை வேகமாக முடித்துவிடுகிறேன். ஓம் விதி எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். பரவலாகப் பயன்படும் கம்பி இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த உலோகம். சுவீடனில் ஹான்ஸ் வான் கான்ட்சோ உருவாக்கியது. 1931-ல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரே கம்பிக்கும் பெயராகிவிட்டது. அந்தப் பெயர் காந்தல். ஆம், நம் ஊரில் அடிப்பிடித்த சோற்றுக்குச் சொல்லும் அதே ஒலி. தற்செயல்தான், ஆனால் இதைவிடப் பொருத்தமாக யாரும் பெயர் வைத்திருக்க முடியாது. 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள காந்தல் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 11.5 ஓம் தடை தரும். 2.5 மில்லிமீட்டர் குச்சியின் மேல் 6 சுற்றுச் சுற்றினால், திருகில் மாட்டும் இரண்டு கால்களையும் சேர்த்து 63 மில்லிமீட்டர் கம்பி செலவாகும். தடை சுமார் 0.7 ஓம். 3.7 வோல்ட் கொடுத்தால் 5.3 ஆம்பியர் ஓடும், 20 வாட் வெப்பம் கிடைக்கும். பழைய டியூப் லைட்டில் பாதி.

20 வாட் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கம்பியின் எடை இரண்டு மூன்று அரிசி மணிகளின் எடைதான். அதை ஒரு டிகிரி சூடாக்க 0.026 ஜூல் போதும். விநாடிக்கு 20 ஜூலை அதில் கொட்டினால், கணக்குப்படி ஒரே விநாடியில் 700 டிகிரிக்கு மேல் ஏற வேண்டும். வெறும் கம்பி அப்படித்தான் செய்கிறது, பொத்தானை அழுத்திய மறுகணம் செக்கச் சிவந்துவிடுகிறது. ஆனால் நனைந்த பஞ்சு உள்ளே இருக்கும்போது மூன்று விநாடி அழுத்திப் பிடித்தாலும் அது சிவப்பதில்லை. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான்.

சோறு வடிப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். பானையில் தண்ணீர் இருக்கும் வரை அடிப்பிடிக்காது. எவ்வளவு தீ வைத்தாலும் சூடு கொதிநிலையோடு நின்றுவிடும், மிச்ச வெப்பம் ஆவியோடு போய்விடும். தண்ணீர் வற்றிய கணத்தில்தான் காந்தல் வாடை. புரோப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரியில் கொதிக்கும், கிளிசரின் 290-ல். பஞ்சு ஈரமாக இருக்கும் வரை கம்பியின் சூடு இந்த வட்டாரத்திலேயே கட்டுப்பட்டுக் கிடக்கும். 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் நுண்ணிய வெப்பமானியைச் சுருளில் ஒட்டி அளந்தார்கள். நனைந்த திரியில் ஏறத்தாழ 145 முதல் 335 டிகிரி வரை. காய்ந்த திரியில் 1,000 டிகிரியைத் தொட்டது.

ஆக, இந்தச் சாதனத்தின் பாதுகாப்புக் கருவி மின்கலத்தின் சிப் அல்ல, பஞ்சு. கம்பி ஆவியாக்கும் வேகத்துக்குப் பஞ்சு திரவத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறதா? ஆர்பிஏவை மதிப்பிடுவது என்றால் இந்த ஒரு கேள்வியை மதிப்பிடுவதுதான்.

பஞ்சு எப்படிக் கொண்டுவருகிறது? அகல் விளக்கின் திரி எப்படிக் கொண்டுவருகிறதோ அப்படியே. இழைகளுக்கு இடையே மயிரிழை அகலச் சந்துகள். திரவத்துக்கு இழையின் மேல் பற்று. ஒட்டிக்கொண்டு ஏறும், ஏறும்போது பின்னால் இருப்பதையும் இழுத்துவரும். சந்து குறுகக் குறுக இழுவை கூடும். அப்படியானால் பஞ்சை இறுக்கித் திணித்தால் நன்றாக உறிஞ்சுமே என்று தோன்றும். புதிதாகச் சுற்றுபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். சந்தின் ஆரத்தைப் பாதியாக்கினால் இழுக்கும் அழுத்தம் இரட்டிப்பாகிறது, உண்மைதான். ஆனால் திரவம் சுவரோடு உராயும் தடை நான்கு மடங்காகிறது. கூட்டிக் கழித்தால் வேகம் பாதி. ஜெர்மனியில் ரிச்சர்ட் லூகாஸ் 1918-லும், அமெரிக்காவில் எட்வர்ட் வாஷ்பர்ன் 1921-லும் தனித்தனியே கண்டுபிடித்த கணக்கு இது. அதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: காய்ந்த திரியில் திரவம் இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம் எடுக்கும். பஞ்சு மாற்றியதும் நாலு சொட்டு விட்டு, சில நிமிடம் காத்திருந்து, பிறகே பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்வது இதனால்தான். என் அத்தை திரியை எண்ணெயில் முக்கி, பிழிந்து, அப்புறம்தான் ஏற்றுவார். அவருக்கு வாஷ்பர்ன் தேவைப்படவில்லை.

சரி, தளர்வாக வைத்தால்? வேகமாக வரும், வேகமாகக் கீழேயும் ஒழுகும். கிண்ணத்துத் திரவத்தை அடைத்து வைத்திருப்பதும் அதே பஞ்சுதான். மேடையில் பஞ்சின் இரு வால்களும் உட்காரும் பள்ளங்களைக் கவனித்தால் அந்த ஆர்பிஏவைச் செய்தவர் இதை யோசித்தாரா என்று தெரிந்துவிடும். வால் அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டும், ஆனால் நெருக்கக் கூடாது. கையால் சுற்றும் இந்த வேலையின் முழு வித்தையும் அந்த ஒரு மில்லிமீட்டரில் இருக்கிறது.

இனி திரவத்தின் குணம். நல்லெண்ணெய் விளக்குக்கும் விளக்கெண்ணெய் விளக்குக்கும் வேறுபாடு பார்த்திருப்பீர்கள். விளக்கெண்ணெய் தண்ணீரைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு பிசுக்கு. திரியில் சோம்பலாக ஏறும். கிளிசரின் அதைவிட மோசம், 20 டிகிரியில் தண்ணீரைப்போல 1,400 மடங்கு. புரோப்பிலீன் கிளைக்கால் நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில், ஐம்பது அறுபது மடங்கு. மேகம் பெரிதாக வேண்டும் என்று கிளிசரினைக் கூட்டுபவர்கள் திரியின் சுமையையும் கூட்டுகிறார்கள். ஆனால் கிளிசரினை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் பிசுக்கு ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்காகச் சரிந்துவிடும். அதாவது சுருள் சூடாகும்போது பக்கத்துத் திரவம் இளகி ஓடிவருகிறது. தன் தாகத்துக்குத் தானே தண்ணீர் இறைத்துக்கொள்ளும் ஏற்றம் இது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இந்த இடம் அலுப்பதில்லை. ஷெஃபீல்டின் குளிர்காலக் காலையில் முதல் இழுப்பு மட்டும் கருகி, பிறகு சரியாகிறது என்றால் காரணம் இதுதான். சுருளைக் குறை சொல்லிப் பயனில்லை.

பஞ்சிலும் சாதி உண்டு. செடியிலிருந்து பறித்த பருத்தியின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கும்; தண்ணீர் ஒட்டாது. அதைக் காரக் கரைசலில் வேகவைத்து மெழுகை நீக்கினால்தான் மருந்துக்கடைப் பஞ்சு. தலையணை இலவம்பஞ்சு இன்னும் பிடிவாதம்; எண்ணெயைக் குடிக்கும், தண்ணீரை அண்டவிடாது. கிளிசரின் தண்ணீரோடு கலக்கும் இனம், எண்ணெய் இல்லை. அதனால் இலவம்பஞ்சு இதற்கு உதவாது. உண்மையான எண்ணெயை இந்தச் சாதனத்தில் ஊற்றக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2019-20-ல் அமெரிக்காவில் மின்சிகரெட் பயன்படுத்திய 2,800-க்கும் மேற்பட்டோர் நுரையீரல் பாதிப்பால் பாதிக்கப்பட்டு 68 பேர் இறந்தபோது, முக்கியக் குற்றவாளியாகத் தெரியவந்தது கஞ்சாச் சாற்றில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட், எண்ணெய்ப் பசையுள்ள பொருள்.

இப்போது மதிப்பீடு. இணையத்தில் இந்தச் சாமான்களை எடைபோடுபவர்கள் ருசி, மேகம், பளபளப்பு என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். எனக்கு ஒரு தராசு போதும். ஆய்வக இயந்திரம் 30 விநாடிக்கு ஒருமுறை, 3 விநாடி, 55 மில்லிலிட்டர் காற்றை இழுக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னும் பின்னும் சாதனத்தை எடைபோட்டால் எவ்வளவு திரவம் போனது என்று தெரியும். 20 வாட்டில் 3 விநாடிக்குக் கிடைக்கும் 60 ஜூலும் வீணாகாமல் போனால்கூட அது சில பத்து மில்லிகிராமைத் தாண்டாது. பத்து இழுப்பிலும் எடை இழப்பு ஒரே அளவாக இருந்தால் திரி வேலை செய்கிறது. போகப் போகக் குறைந்தால் திரி தோற்கிறது. ஆவியாகாத வெப்பம் கம்பிக்கும் பஞ்சுக்கும் போகிறது. இன்னொன்று, திருகு. கால் சரியாக இறுகாவிட்டால் அங்கே 0.05 ஓம் கூடுதல் தடை வரும். 0.7 ஓம் சுருளுக்கு அது ஏழு சதவீதத் திருட்டு. திருகு சூடாகும், சாதனத்தின் திரையில் தடையைக் காட்டும் எண் ஆடும். எண் ஆடும் மேடையை நான் வாங்கமாட்டேன்.

இயந்திரத்துக்கு ஒரு குறை உண்டு, நாக்கு இல்லை. 2015-ல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர்கள், 5 வோல்ட்டில் இயக்கியபோது ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் பெருமளவில் உருவாவதாகவும் 3.3 வோல்ட்டில் தென்படவில்லை என்றும் எழுதினார்கள். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. திரி காய்ந்த நிலையில் வரும் அந்தப் புகையை எந்த மனிதனும் இழுக்க முடியாது, தொண்டை எரிந்து துப்பிவிடுவான் என்று மறுத்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் என் கவலை இடைப்பட்ட நிலையைப் பற்றியது. பஞ்சு முழுதும் காயாமல், ஒரு மூலை மட்டும் காய்ந்து, இனிப்பு வாசனை அந்தக் காந்தலை மறைத்துவிட்டால் நாக்கு ஏமாறாதா?

உலோகக் கேள்வியும் இருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 56 பேர் தினமும் பயன்படுத்திய சாதனங்களை வாங்கிச் சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். புட்டியில் இருந்த திரவத்தைவிட, சுருளைத் தொட்டுவந்த ஆவியில் ஈயம், நிக்கல், குரோமியம் போன்றவை பலமடங்கு கூடுதலாக இருந்தன. காந்தலில் நிக்கல் கிடையாது. வெப்பத்தில் அலுமினிய ஆக்சைடுத் தோல் ஒன்று அதன் மேல் படர்ந்து காக்கிறது. ஆனால் பற்றவைப்பும் திருகும் மேடையும் வேறு உலோகம்.

அம்மாவுக்கு என் பதில்: கைச்சுருள் கடைச் சுருளைவிட நல்லதாகவும் இருக்கலாம், மிக மோசமாகவும் இருக்கலாம். கடைச் சுருள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். உங்கள் மகன் சுற்றியது அன்றைய இரவின் பொறுமையைப் பொறுத்தது. இங்கிலாந்தில் நிகோடின் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கிண்ணம் 2 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது என்றெல்லாம் சட்டம் இருக்கிறது. பஞ்சை எவ்வளவு திணிக்கலாம் என்று சட்டம் இல்லை. பஞ்சு எவ்வளவு ஈரமாக இருந்தாலும் நிகோடின் அடிமைத்தனம் அடிமைத்தனம்தான். விடுமுறைக்கு வரும்போது அந்தப் பெட்டியைக் கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் இதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, இருப்பு எல்லாம் குற்றம்.

அந்தத் தடையோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தடைச் சட்டம் ஆய்வகத்துக்கு மாற்றாகாது. பறிமுதலான சரக்கைத் தீயிட்டுக் கொளுத்துமுன் நான்கை எடுத்துப் பிரித்து, எந்தப் பஞ்சு, எந்தக் கம்பி, என்ன கரி என்று நம் பல்கலைக்கழக மாணவர்கள் பார்க்கட்டும். அதற்குப் பணம் ஒதுக்குவதும் அரசின் வேலைதான். இல்லாவிட்டால் ஒரு பக்கம் 'வெறும் நீராவி' என்ற மூடநம்பிக்கையும், மறுபக்கம் 'தொட்டாலே சாவு' என்ற மூடநம்பிக்கையும் மட்டுமே மிஞ்சும். திரியைச் சுற்றி நமக்கு ஏற்கெனவே போதுமான மூடநம்பிக்கை உண்டு. விளக்குத் தானாக அணைந்தால் அபசகுனம் என்று அத்தை முகம் வாடிப்போவார். நுனியில் கரி கட்டிச் சந்துகள் அடைபட்டால் எண்ணெய் ஏறாது, அவ்வளவுதான். அதே கரிதான் ஷெஃபீல்டில் மகனின் பஞ்சையும் அடைக்கிறது. வாசனைத் திரவத்தின் இனிப்பு அங்கே கருகிப் படிகிறது.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை. மருந்துக்கடையில் கிளிசரின் ஒரு புட்டி வாங்குங்கள். இரண்டு கிண்ணங்களில் சிறிது ஊற்றி, ஒன்றை மட்டும் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குங்கள். மருந்துப் பஞ்சில் ஒரே தடிமனில் மூன்று திரிகள் திரித்து, இரண்டைத் தளர்வாகவும் ஒன்றை முறுக்கியும் வையுங்கள். தளர்ந்த திரிகளைக் கிண்ணத்துக்கு ஒன்றாகவும், முறுக்கிய திரியைச் சூடான கிண்ணத்திலும் செங்குத்தாகத் தொடவிட்டு, ஈரம் ஏறுவதைப் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். சூடான கிண்ணத்தின் தளர்ந்த திரி முந்திப்போகும்; அதன் பக்கத்திலேயே முறுக்கிய திரி பின்தங்கி நிற்கும். எங்கள் வீட்டில் இதைச் செய்தபோது, எதற்கு இந்தப் பஞ்சு விளையாட்டு என்று யாரும் கேட்கவில்லை. பூசைக்குத் திரி திரிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.