ஈரம் தேடி வரும் பூரான்கள்: அரிசோனா வீடுகளில் கண்டவை

ஜூன் மாதக் கடைசியில், வெயில் 44 பாகை செல்சியஸைத் தொட்ட ஒரு நாளில், ஃபீனிக்ஸ் நகருக்குத் தென்கிழக்கே சாண்ட்லரில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த அம்மா, காலையில் குளியல் தொட்டிக்குள் முக்கால் சாண் நீளத்தில் ஒரு பூரானைக் கண்டு அலறியிருக்கிறார். "எங்க ஊர்ச் செய்யான்கூட இவ்வளவு பெரிசா இருக்காது தம்பி" என்றார். ஆரஞ்சு நிற உடல், கறுத்த தலை, கறுத்த வால் என்று அவர் சொன்ன அடையாளத்திலேயே அது ஸ்கோலோபெண்ட்ரா ஹீரோஸ் என்னும் பாலைவனப் பெரும்பூரான் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. மகனோ கடையில் வாங்கிய பூச்சிமருந்து டப்பா ஒன்றை அந்தச் சிறிய அறைக்குள் முழுவதுமாகப் பீய்ச்சி அடித்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது பூரான் செத்துக் கிடந்தது, குழந்தை இருமிக்கொண்டிருந்தது. சன்னல்களைத் திறந்து, குழந்தையை வேறு அறைக்குக் கொண்டுபோகச் சொல்வதுதான் அன்று நான் செய்த முதல் வேலை.

அடுத்து, குளியலறைச் சுவரின் வெளிப்புறத்துக்குப் போனேன். அங்கே சொட்டுநீர்ப் பாசனத்துக்கான வால்வுப் பெட்டி தரைமட்டத்தில் புதைக்கப்பட்டிருந்தது. மூடியைக் கம்பியால் நெம்பித் திறந்தால் உள்ளே ஒரே சேறு. ஒரு வால்வு பல வாரங்களாகவே கசிந்திருக்க வேண்டும். சில்வண்டுகளும் கரப்பான்களும் பக்கவாட்டில் ஓடின, அவற்றுக்கு நடுவே இன்னொரு சிறிய பூரானும் இருந்தது. சுற்றிலும் சரளைக்கல் பரப்பிய, ஒரு புல்கூட இல்லாத தோட்டம் அது. சுற்றுவட்டாரத்திலேயே நிரந்தரமாக ஈரமாக இருந்த ஒரே இடம், அந்த வீட்டுக்காரர்கள் ஒருமுறைகூடத் திறந்து பார்த்திராத அந்தப் பெட்டிதான்.

அரிசோனாவில் உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆய்வாளனாக 11 ஆண்டுகளாக வீடு வீடாகப் போய்வருபவன் என்ற முறையில், இந்தப் பெட்டியின் கதையை நான் வேறுவேறு வடிவங்களில் திரும்பத் திரும்பப் பார்த்துவருகிறேன். பூச்சிகளுக்கு இருப்பதைப் போல ஈரத்தைக் காக்கும் மெழுகுப் பூச்சு பூரானின் மேல்தோலில் போதுமான அளவில் இல்லை. அது மூச்சுவிடும் துளைகளையும் இறுக மூடிக்கொள்ள இயலாது. ஆகவே வறண்ட காற்றில் அது வேகமாக நீரை இழக்கிறது. பகலில் கல்லுக்கடியிலும் மண்வெடிப்பிலும் பதுங்கி, இரவில் மட்டும் வேட்டையாடுவதற்கு அதுவே காரணம். ஆண்டுக்குச் சுமார் 180 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெய்யும் ஃபீனிக்ஸில், 2023ஆம் ஆண்டு தொடர்ந்து 31 நாட்கள் வெயில் 43 பாகைக்குக் குறையாமல் அடித்தது. அப்படிப்பட்ட ஊரில் நாம் குளிர்சாதனமும் சொட்டுநீரும் நீச்சல்குளமும் வைத்துக் கட்டிய வீடு, சோனோரா பாலைவனத்தின் உயிர்களுக்கு ஒரு சோலையாகத்தான் தெரியும்.

தொட்டிக்குள் பூரானையோ தேளையோ பார்த்தவர்கள், அது சாக்கடைக் குழாய் வழியாக ஏறி வந்தது என்றே நினைத்துத் துளையை அடைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது தவறான ஊகம். குழாயின் வளைவில் தண்ணீர் நிற்கும்வரை அந்த வழி அடைபட்டே இருக்கும். கதவிடுக்கிலோ சுவர் வெடிப்பிலோ நுழைந்து, ஈரத்தை மோப்பம் பிடித்து வந்து தொட்டிக்குள் விழுந்த பிராணி, வழுக்கும் பீங்கான் சுவரில் ஏற முடியாமல் அங்கேயே மாட்டிக்கொள்கிறது. தொட்டி அதற்குப் பொறியாக அமைந்துவிடுகிறது, அவ்வளவே. யாரும் புழங்காத விருந்தினர் குளியலறை மட்டும் விதிவிலக்கு: இந்த வறட்சியில் குழாய் வளைவில் நிற்கும் நீர் சில வாரங்களிலேயே ஆவியாகிவிடும்; பிறகு சாக்கடைக் கரப்பான்கள் தாராளமாக மேலே வரும்; அவற்றைத் தின்னத் தேளும் பூரானும் வரும். அதற்கு நான் தரும் மருந்து, வாரம் ஒருமுறை அந்தத் துளையில் ஊற்றும் ஒரு செம்புத் தண்ணீர்.

பூரானைப் பற்றி நம்மவர்களிடையே உள்ள பயத்தில் பாதி, அது காதுக்குள் புகுந்துவிடும் என்பது. இந்தப் பெரும்பூரானைப் பொறுத்தவரை அதன் பருமனே அதற்கு இடம் கொடுக்காது. அதற்கு 21 ஜோடிக் கால்கள். தலைக்குக் கீழே உள்ள, கொடுக்காக மாறிய முன்னங்கால்களால்தான் நஞ்சைச் செலுத்துகிறது. பின்பக்கத்துக் கடைசிக் கால்கள் உணர்கொம்புகளைப் போல இருப்பதால், தலை என்று நினைத்து வாலையும் வால் என்று நினைத்துத் தலையையும் பிடிக்கப்போய்க் கடிவாங்கியவர்கள் உண்டு. கடித்தால் நெருப்பு வைத்தாற்போல் எரியும், வீங்கும், சில மணி நேரமோ ஓரிரு நாளோ நோகும். சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுத்து, வலிமாத்திரை சாப்பிடுவது பெரும்பாலானோருக்குப் போதும். மூச்சுத்திணறலோ முகவீக்கமோ உடம்பெங்கும் தடிப்போ வந்தால் தயங்காமல் 911 எண்ணை அழைக்க வேண்டும். சுண்ணாம்பு தடவிக் காத்திருக்கும் வழக்கத்தை ஊரோடு விட்டுவிடுவது நல்லது.

பார்வைக்குப் பூரான் பயங்கரமாக இருந்தாலும், என்னைக் கவலைப்பட வைக்கும் பிராணி அதுவன்று. வைக்கோல் நிறத்தில், மெலிந்த இடுக்கிக் கைகளோடு, 7 சென்டிமீட்டர்தான் இருக்கும் பட்டைத்தேளே அது. மற்ற பாலைவனத் தேள்கள் பெரும்பாலும் மண்ணைத் தோண்டி வாழ்பவை. இதுவோ மரத்திலும் கரடுமுரடான சுவரிலும் ஏறும், கூரையில் தலைகீழாகத் தொற்றிக்கொண்டு நிற்கும். இது கொட்டினால் பெரியவர்களுக்குக் கடும் வலியும் மரத்துப்போதலும் வரும். சிறு குழந்தைகளுக்கோ கண்கள் கட்டுப்பாடின்றிச் சுழல்வது, எச்சில் வடிவது, கைகால் உதறுவது, மூச்சுத் திணறுவது என நிலைமை மோசமாகலாம். இதற்கான அனாஸ்கார்ப் என்னும் நச்சுமுறிவு மருந்துக்கு அமெரிக்க அரசு 2011ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. ஆகவே இந்த அறிகுறிகள் தெரிந்த குழந்தையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

இங்கே நம்மவர்களுக்கென்றே ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊரிலுள்ள உறவினர் ஒருவர் தொலைபேசியில், தேள்கடிக்குப் பிரசோசின் மாத்திரை கொடு என்று சொன்னதாக ஒரு வீட்டில் கேள்விப்பட்டேன். அவர் சொன்னது இந்தியச் செந்தேளுக்குப் பொருந்தும். அறிவியல் பெயரிலேயே 'தமுலஸ்' என்று தமிழைச் சுமந்திருக்கும் அந்தத் தேளின் நஞ்சு இதயத்தைத் தாக்குவது. அரிசோனாப் பட்டைத்தேளின் நஞ்சோ நரம்புகளையே முதன்மையாகப் பாதிக்கிறது. இரண்டுக்கும் சிகிச்சை வேறு. ஐயமிருந்தால் 1-800-222-1222 என்ற நச்சுத் தகவல் மைய எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம். பெற்றோர் தனியாக இருக்கும் நேரமானால், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டாமல் நான் எந்த வீட்டையும் விட்டு வருவதில்லை.

மருந்தடித்தால் தீராதா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. மருந்தடித்துப் பிழைக்கும் நானே சொல்கிறேன்: தேளுக்கு அது அரைகுறைத் தீர்வு. நாம் அடிக்கும் மருந்து ஊர்ந்துபோகும் உடலில் ஒட்டிக்கொண்டால்தான் வேலை செய்யும். தேளோ பகல் முழுவதும் மருந்து எட்டாத இடுக்கில் கிடக்கிறது, இரையின்றிப் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கவும் செய்கிறது. அறை முழுவதும் புகையைப் பரப்பும் 'பூச்சி குண்டு' டப்பாக்கள் அந்த இடுக்குகளைத் தொடுவதேயில்லை. மூச்சுக்கும் தீங்கு, அடுப்பின் சிறுசுடர் எரிந்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. மருந்து உண்மையில் பயன்படுவது கரப்பானையும் சில்வண்டையும் குறைத்து, தேளின் சாப்பாட்டைப் பறிப்பதில்தான்.

அதைவிட இடுக்குகளை அடைப்பது பல மடங்கு பலன் தரும். பட்டைத்தேள் 1.6 மில்லிமீட்டர் இடைவெளியில் நுழைந்துவிடும் என்பது எங்கள் தொழிலில் சொல்லும் கணக்கு. ஏறக்குறைய, இரண்டு வங்கி அட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்த தடிமன் அது. கராஜிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவின் அடியில் அந்த இரண்டு அட்டைகளைச் செருகிப் பாருங்கள்; உள்ளே போனால் கதவடி ரப்பரை மாற்றும் நேரம் வந்துவிட்டது. குழாயும் மின்கம்பியும் சுவருக்குள் புகும் இடங்களைச் சிலிக்கான் வைத்து அடைக்கலாம். ஆனால் வெளிச்சுவரின் அடிப்பகுதியில், ஈரம் வெளியேறுவதற்கென்று விடப்பட்ட உலோகப் பட்டை இடைவெளியை மட்டும் சிலிக்கானால் அடைத்துவிடாதீர்கள். ஆர்வமிகுதியில் அதைச் செய்துவிட்டுச் சுவருக்குள் பூஞ்சை பிடிக்கவைத்த ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறேன். அங்கே செம்புவலையைச் செருகினால் போதும்.

இரவில் புற ஊதா டார்ச்சோடு தோட்டத்தைச் சுற்றிவந்தால் தேள்கள் பச்சைநீலமாக ஒளிரும். ஹாலோ பிளாக் சுவரின் விளிம்புகளிலும், வெட்டப்படாமல் தொங்கும் காய்ந்த பனையோலைகளிலும், அடுக்கிவைத்த விறகிலும் பெரும்பாலும் அவை தென்படும். பூரான் அப்படி ஒளிராது என்பதால் அதற்கு இந்த வித்தை உதவாது. ஈரமான இடத்தைத் தேடிப் போவதே வழி. குழந்தையின் தொட்டிலைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளிவைத்து, கால்களை வழுவழுப்பான கண்ணாடிச் சாடிகளுக்குள் நிறுத்துவது இங்கே பழைய வழக்கம். வேடிக்கையாகத் தோன்றினாலும் அது வேலை செய்கிறது. தொட்டிலின் துணி தரையைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மற்றவற்றில், மழை பெய்த மறுநாள் முற்றத்தில் நெளியும் மரவட்டை தீங்கற்றது; அதைத் துடைப்பத்தால் தள்ளிவிடலாம். ஒழுங்கற்ற வலையில் தலைகீழாகத் தொங்கும், வயிற்றில் சிவப்பு மணற்கடிகைக் குறி கொண்ட கருப்பு விதவைச் சிலந்தி இருக்கும் தண்ணீர் மீட்டர்ப் பெட்டிக்குள் வெறுங்கையை விடாதீர்கள்.

சாண்ட்லர் வீட்டில் நான் அன்று மருந்து அடிக்கவில்லை. வால்வைப் பழுதுபார்க்கும் ஆளுக்குச் சொல்லிவிட்டு, சுவரையொட்டி இருந்த இரண்டு சொட்டுநீர் முனைகளை இரண்டடி தள்ளி நகர்த்தினேன். கராஜ் கதவுக்குப் புது ரப்பர் போட்டேன். ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரையிலான பருவமழைக் காலம் தொடங்கியிருந்ததால், மழைக்குப் பிறகு மீண்டும் ஒருமுறை வந்து பார்க்கிறேன் என்றேன். ஆகஸ்டில் போனபோது அம்மா கையோடு டார்ச்சை எடுத்துக்கொண்டு, வால்வுப் பெட்டியை அவரே திறந்து காட்டினார். மண் காய்ந்து வெடித்திருந்தது. உள்ளே ஒரு சில்வண்டுகூட இல்லை.